கைதட்டினால் கணக்கு சரியாகிவிடுமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டாக்டர்களின் போர்டுகள், கோச்சிங் சென்டர்கள், சாரதா கல்லூரி சாலை, சாயங்காலமானால் தட்டுவடை செட் கடையில் நிற்கும் கூட்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வருகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி ஹாலில் சிறுகதைப் பயிற்சி வகுப்பு. நடத்தியவர்கள் நல்ல மனிதர்கள், பெயர் வேண்டாம். என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். 22 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நடுவே இரண்டு பேங்க் ஊழியர்கள், ரிட்டயரான தலைமை ஆசிரியர் ஒருவர். ஆளுக்கொரு கதை வாசிக்க வேண்டும், நான் கருத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நாலாவதாக ஒரு பெண் வாசித்தார். பி.எஸ்ஸி இரண்டாம் வருடம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். சேலத்துக் கொலுசு எங்கெங்கோ ஊர்களுக்கெல்லாம் போகிறது, தெரியுமல்லவா? அந்தக் கொலுசைச் செய்கிற ஒருவரைப் பற்றிய கதை. ஆனால் முதல் இரண்டு பக்கத்தில் கொலுசும் இல்லை, அப்பாவும் இல்லை. நிலா, தென்றல், ஏற்காடு மலைமேல் மேகம். மூன்றாம் பக்கத்தில் அப்பா வருகிறார். செய்து முடித்த சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரர் எடை போடுகிறார், டச் பார்க்கிறார், பற்றவைத்த இடம் விட்டுப்போன நாலு ஜோடியைத் தனியாக ஒதுக்கித் திருப்பித் தருகிறார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வேலைக்கு உட்காருகிறார். மகள் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறாள்.

நான் சொன்னேன்: “முதல் ரெண்டு பக்கம் வேண்டாம்மா. தூக்கிடலாம். கதையே மூணாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குது.”

அந்தப் பெண் தாளை நாலாக மடித்தார். டீ பிரேக்கில் பார்த்தால் ஆளைக் காணோம். அமைப்பாளர் என் காதருகே வந்து, “என்னங்க சார், கொஞ்சம் தட்டிக் கொடுத்துப் பேசியிருக்கலாமுங்க. புள்ளைங்க மனசு ஒடிஞ்சிரும்” என்றார்.

இந்தத் தட்டிக் கொடுத்தலின் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பெண்ணின் மேல் இல்லை.

அவர் இதற்கு முன் விமர்சனம் என்ற ஒன்றை எங்கே பார்த்திருப்பார், சொல்லுங்கள்? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் கட்டுரை எழுதியிருப்பார். பத்துக்கு ஏழு மார்க் வந்திருக்கும். ஏன் ஏழு, ஏன் எட்டில்லை என்று ஓரத்தில் யாராவது ஒரு வரி எழுதியிருப்பார்களா? ஒரு டிக், ஒரு கையெழுத்து, அபூர்வமாக ஒரு ‘நன்று’. வீட்டில் கவிதை எழுதினால், “எங்க பொண்ணு கவிதையெல்லாம் எழுதுவா” என்று விருந்தாளிக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கைதட்டுவார்கள். விருந்தாளி என்ன செய்வார் பாவம், அவரும் தட்டுவார்.

வளர்ந்து ஒரு புத்தகம் போட்டால் வெளியீட்டு விழா. வரவேற்புரை, வாழ்த்துரை, பாராட்டுரை, ஏற்புரை. ஆய்வுரை என்று ஒன்று அழைப்பிதழில் இருக்கும். அதுவும் பாராட்டுரைதான், கொஞ்சம் நீளம் அதிகம், அவ்வளவே. நானும் யோக்கியன் இல்லை. முப்பது பக்கத்தைத் தாண்டாத புத்தகங்களைப் பற்றி மைக் முன்னால் இருபது நிமிடம் உருகியிருக்கிறேன். பொன்னாடையும் வாங்கி வந்திருக்கிறேன். அந்த எழுத்தாளர்களுக்கு நான் செய்தது மரியாதை என்று அன்றைக்கு நினைத்தேன். அது அலட்சியம்.

நான் பி.காம். படித்தவன். இலக்கியம் பாடமாகப் படித்தவனில்லை. கல்லூரி முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சருக்கு டிக் அடித்தேன். எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான பாடத்தை அங்கேதான் கற்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நிஜம்.

ட்ரயல் பேலன்ஸ் என்று ஒன்று உண்டு. பற்றுப் பக்கக் கூட்டலும் வரவுப் பக்கக் கூட்டலும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ தப்பு. எங்கே என்று அது சொல்லாது. உதாரணத்துக்கு, 540 ரூபாய் உதைக்கிறது என்று வையுங்கள். முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், 1,710-ஐ 1,170 என்று. அப்புறம் லெட்ஜரைத் திறந்து வரிவரியாகத் தேட வேண்டியதுதான். கணக்கு உதைக்கிறது என்று சொன்னதற்காக எந்தக் கணக்குப்பிள்ளையும் நோட்டை நாலாக மடித்துக்கொண்டு எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

வாசகன் சொல்லும் குறையும் இந்த 540 ரூபாய் மாதிரிதான். “அஞ்சாம் பக்கம் போரடிக்குது சார்” என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை, அவனுக்குப் போரடித்தது. ஆனால் தப்பு அஞ்சாம் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. இரண்டாம் பக்கத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் அஞ்சாம் பக்கத்தில் கொட்டாவியாக வந்திருக்கலாம். உதைக்கிறது என்று சொல்வது வாசகன் வேலை. எந்தப் பதிவில் தப்பு என்று தேடுவது எழுதியவர் வேலை. சில சமயம் தேடிப் பார்த்தால் நம் கணக்கு சரியாக இருக்கும், கூட்டினவர்தான் தப்பாகக் கூட்டியிருப்பார். அப்போது தைரியமாக அப்படியே விட்டுவிடலாம். ஆனால் தேடின பிறகு.

விமர்சனத்தை ஏற்பது என்றால் இதுதான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதுமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதுமில்லை. லெட்ஜரைத் திறந்து பார்ப்பது.

முதல் வருட அக்கவுன்டன்சி புத்தகத்திலேயே இன்னொரு பாடமும் உண்டு. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனதால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமாகாது. ஒரு வவுச்சரை அடியோடு பதியாமல் விட்டிருந்தாலும் டேலி ஆகும். இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் டேலி ஆகும். நம் ஊர்ப் பாராட்டு விழாக்கள் எல்லாம் இப்படி டேலி ஆன ட்ரயல் பேலன்ஸ்கள்தான். எல்லோரும் கைதட்டினார்கள், சரி. உள்ளே எத்தனை வவுச்சர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தது யார்?

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துவராது” என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அரங்கேற்றம் என்ற சொல்லை ஞாபகப்படுத்துகிறேன். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அழைப்பிதழ் அச்சடித்த ஒரு நடன நிகழ்ச்சி ஞாபகம் வருகிறது. பழைய காலத்தில் நூலும் அரங்கேறும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. உட்கார்ந்து கேட்டவர் பொன்னாடையோடு வரவில்லை. சந்தேகத்தோடு வந்தார். ஸ்ரீரங்கம் கோயிலில் கம்பராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லும் மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். கம்பரையே அவையினர் ஆட்சேபணை கேட்டுக் குடைந்ததாகத்தான் கதைகள் இருக்கின்றன. குறை சொல்லத் தெரிந்தவர்கள் முன்னால் வாசித்துத் தாக்குப்பிடித்தால்தான் அது நூல். இது நம் சொந்தச் சரக்கு.

அப்புறம் நக்கீரர். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அந்த வேடத்தில் நடித்து, படத்தையும் இயக்கிய ஏ.பி.நாகராஜன் நம்ம சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர். நாகேஷின் தருமியை நினைத்துப் பாருங்கள். சபையில் பாட்டில் குற்றம் என்றதும் தருமிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏன்? பாட்டு அவன் எழுதியதில்லை. எழுதியவனுக்குத்தான் ஏன் அப்படி எழுதினோம் என்று தெரியும். இன்றைக்கு செல்போனிடம் கேட்டுக் கதை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்களுக்கும் தருமி கதிதான். ஒரு வரியைக் காட்டி ‘இது ஏன்?’ என்று கேட்டால் போதும்.

சரி, பாட்டின் நிஜமான ஆசிரியர் என்ன செய்தார்? சபைக்கு வந்து வாதாடினார். வாதத்தில் முடியாமல் போனதும் நெற்றிக்கண்ணைத் திறந்தார். நாம் தியேட்டரில் நக்கீரருக்குக் கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நெற்றிக்கண்ணைத் திறக்கிறவர்கள்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சேலத்திலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது. நாலு வருடம் ஓசையில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நாவலைக் கொளுத்தினார்கள். சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் விநியோகித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் அவர் பக்கம் நின்று, அவர் மறுபடியும் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்த மௌனம் நீடித்தது.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: “எழுதுகிறவனை ஊரே மிரட்டுகிறது. நீங்கள் பிள்ளைகளிடம் போய் ‘விமர்சனத்தைத் தாங்கிக்கோ’ என்கிறீர்களே, நியாயமா?”

நியாயமான கேள்வி. என் பதில்: அங்கே நடந்தது விமர்சனமே இல்லை. விமர்சனம் முழுப் புத்தகத்தையும் படிக்கும், வரியைக் காட்டும், பதிலுக்குக் காத்திருக்கும். மிரட்டல் நாலு பக்கத்தை நகலெடுக்கும், ஆளைத் தேடும், பதில் வரக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை ஒரு சமூகம் எங்கே கற்றுக்கொள்ளும்? இருபது வயதில், வகுப்பறையில், பக்கத்துப் பெஞ்சுக்காரனின் கதையைப் பிடிக்காமல்போன அன்றைக்குத்தான் கற்றுக்கொள்ள முடியும். பிடிக்காததைப் பேச்சால் எதிர்கொள்ளப் பழகாதவனுக்குக் கைதட்டத் தெரியும், இல்லாவிட்டால் தீப்பெட்டியைத் தேடத் தெரியும்.

அதே நாமக்கல்லில், அதே பெருமாள்முருகன், அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது ‘கூடு’ என்ற ஆய்வுச் சந்திப்பை நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்களும் மற்றவர்களும் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்து, உட்கார்ந்து பேசுகிற கூட்டம். சாதி தங்கள் வாழ்க்கையில் என்ன செய்தது என்று அங்கே எழுதி வாசித்தவைதான் 2013-ல் ‘சாதியும் நானும்’ என்ற புத்தகமாக வந்தன. பெரிய ஹாலோ பொன்னாடையோ இல்லாமல் ஒரு சின்ன ஊரில் இது நடந்திருக்கிறது. மாநிலம் பூராவும் எத்தனை அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன! எத்தனை கூடுகள் இருக்கின்றன?

இன்னொரு பக்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன். விமர்சனம் என்ற பெயரில் நம் இலக்கிய உலகில் நடக்கிற வசவுகளைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடத்தான் செய்யும். “உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?” என்பது விமர்சனமில்லை. அது ஆளைப் பற்றியது, எழுத்தைப் பற்றியதல்ல. வீட்டில் முதல்முதலாகப் பேனாவைப் பிடித்து வருகிற பெண்ணிடம் அதைச் சொல்வது அயோக்கியத்தனம்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-ல் தொடங்கியது. அத்தகைய பட்டறைகளில் பிரபலமான ஒரு விதி, உங்கள் கதையை மற்றவர்கள் அலசும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது. காது கொடுத்துக் கேட்கப் பழகுவதற்கு நல்ல விதிதான். ஆனால் பிற்பாடு அங்கேயே ஆட்சேபணை கிளம்பியது. தன் வாழ்க்கையைப் பற்றி எதுவுமே தெரியாத பத்துப் பேர் நடுவில் ஒருவர் வாய்மூடி உட்கார்ந்தால், அவர் கதையில் இருக்கிற உயிரான விஷயத்தையே வெட்டச் சொல்வார்கள். ‘டச்’ என்றால் என்னவென்று தெரியாதவர் அந்தச் சொல்லையே எடுத்துவிடச் சொல்வார் இல்லையா, அதுபோல. லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990-ல் வேறொரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள், தங்களுக்கு எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும். பிறகு கலைஞர் தன் சந்தேகங்களைக் கேட்கலாம். அடுத்து மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்காமல். அதற்குப் பிறகுதான் அபிப்பிராயம், அதுவும் கலைஞரின் அனுமதியோடு.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஃபேர்லேண்ட்ஸில் நான் செய்த தப்பு அங்கே இருந்தது. ‘முதல் ரெண்டு பக்கத்தைத் தூக்கு’ என்று 22 பேர் முன்னால் சொன்னேனே, மூன்றாம் பக்கத்தில் அந்த அப்பா என் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்பதைச் சொன்னேனா? இல்லை. அதைச் சொல்வது தட்டிக் கொடுப்பதல்ல. அது தகவல். எது வேலை செய்கிறது என்று தெரியாமல் எதை வெட்டுவது? அமைப்பாளர் சர்க்கரை கேட்டார், நான் விளக்கெண்ணெய் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது இரண்டுமில்லை.

வன்மத்தோடு வரும் கண்டனத்தை என்ன செய்வது? அதற்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். பாராட்டோடு கண்டனங்களும் வந்தன. பதில் எழுதப் போன ஐயரை, கும்பகோணம் கல்லூரியைச் சேர்ந்த சாது சேஷையர் தடுத்துவிட்டார். பதில் எழுதப் புகுந்தால் வாழ்நாள் அதிலேயே போகும், உருப்படியான வேலையைப் பாருங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திர’த்தில் ஐயர் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1892-ல் சிலப்பதிகாரம் வந்தது, 1894-ல் புறநானூறு வந்தது. சிந்தாமணியை அவர் அப்படியே விட்டுவிடவும் இல்லை. 1907-ல் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். சண்டைக்குப் பதிலில்லை, பிழைக்குத் திருத்தம் உண்டு. எழுத வருகிற பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய கதை இது.

எழுத்துப் பட்டறை நடத்துகிறவர்களே, தமிழாசிரியர்களே, உங்களிடம் நாலு கோரிக்கைகள்.

ஒன்று: முதல் நாள் மேஜைமேல் உங்கள் கதையை வையுங்கள். மாணவர்கள் அதைக் குறை சொல்லட்டும். உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இரண்டு: வரியைக் காட்டாமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. ‘சூப்பர்’ என்பதற்கும் ‘சுமார்’ என்பதற்கும் ஒரே சட்டம்.

மூன்று: குறை கேட்டவர் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் கழித்து வந்து, எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்று சொல்லட்டும். அந்த ‘ஏன் மாற்றவில்லை’க்கு மார்க் அதிகம் போடுங்கள்.

நாலு: ‘என் படைப்பு என் குழந்தை’ என்று சொல்லிக்கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குழந்தையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? எழுதியது குழந்தை இல்லை. கையால் செய்த பொருள். பிரித்து மறுபடி செய்யலாம்.

அடுத்த வகுப்புக்கும் போனேன். அந்தப் பெண் வரவில்லை. கதையின் நகல் என்னிடம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், நாலு ஜோடி கொலுசு திரும்பி வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ‘இதை என்னால் எழுத முடியாது, உங்களால்தான் முடியும். இங்கிருந்து ஆரம்பியுங்கள்’ என்று எழுதி அமைப்பாளரிடம் கொடுத்தனுப்பினேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. இன்னும் பதில் இல்லை.

திரும்பி வந்த சரக்கை என்ன செய்வது என்று அவருக்கு நானோ நீங்களோ சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய அப்பா ராத்திரி உட்கார்ந்து செய்ததை, அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் கதையை அவரே இன்னொரு முறை படித்தால் போதும்.